சிவப்புக் கிட்டாரும் கறுப்பு வெள்ளைப் படமும்

கேள்வி:

வணக்கம் அண்ணா. நான் ரொறன்ரோவில் ஸ்காபரோ பக்கம் இருக்கிறேன். இருபது வருடமாக எங்கள் ஆட்களின் கல்யாண வீடுகளில் கிற்றார் வாசித்து வருகிறேன். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு குடும்பம், காலமான தங்கள் தகப்பனின் ஃபெண்டர் கம்பெனி ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிற்றாரை விற்கிறது. 1963ஆம் ஆண்டு, ஃபியஸ்டா சிவப்பு, முழு ஒரிஜினல், ஒரே கை, அதாவது தகப்பனைத் தவிர வேறு யாரும் வைத்திருக்கவில்லை என்கிறார்கள். விலை 22,000 அமெரிக்க டொலர். பின்பக்கத் தகட்டில் 'எல்' என்று தொடங்கும் இலக்கம் இருக்கிறது. இணையத்தில் போட்டுப் பார்த்தால் 1963 என்றுதான் வருகிறது. நெக்கை, அதாவது கழுத்துப் பகுதியை, கழற்றி எடுத்து அனுப்பிய படத்தில் '2 மே 63 பி' என்று முத்திரை உண்டு. அதாவது மே 2ஆம் திகதி செய்தது. பின்பக்கம் பெல்ட் உரசிய இடத்தில் சிவப்புக்கு அடியில் மஞ்சள் தெரிகிறது. ஃபெண்டரே சில கிற்றார்களுக்கு சன்பர்ஸ்ட் (ஓரம் கறுப்பாகவும் நடு மஞ்சளாகவும் இருக்கும் நிறம்) மேல் வேறு நிறம் அடித்து அனுப்பியது என்று விற்பவர் சொல்கிறார். பிக்கார்டை (முன்பக்க பிளாஸ்டிக் தகட்டை) திருப்பி எடுத்த படமும், தகப்பன் 1966இல் ஒரு கல்யாண வீட்டில் இதே கிற்றாரோடு நிற்கும் பழைய படமும் இணைத்திருக்கிறேன். வீட்டுக்காரிக்கு இன்னும் சொல்லவில்லை. வாங்கலாமா?

பதில்:

அண்ணா என்று கூப்பிட்டுவிட்டீர்கள், நானும் தம்பி என்றே எழுதுகிறேன். படங்கள் எல்லாவற்றையும் கணினியில் பெரிதாக்கி, ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். நல்ல செய்தி முதலில்: இது போன வருடம் எங்கோ செய்து, மண்ணில் புரட்டிப் பழசாக்கிய சாமான் இல்லை. 1963 ஃபெண்டர்தான். கெட்ட செய்தி: இது முழு ஒரிஜினல் இல்லை. ஆனால் அந்தக் குடும்பம் உங்களிடம் பொய் சொல்வதாகவும் எனக்குத் தோன்றவில்லை. கிட்டார் அசல், விற்பவர் நல்லவர், விளம்பரம் தப்பு. இந்த மூன்றும் ஒன்றாக வருவது பழைய கிட்டார் தொழிலில் அடிக்கடி நடப்பதுதான்.

உங்களுக்குப் பெரிய நம்பிக்கை கொடுத்த விஷயம் தகட்டில் இருக்கும் எண். எனக்கு அது கடைசிச் சாட்சி. ஏனென்றால் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் நெக்கும் பாடியும் பசை போட்டு ஒட்டியவை அல்ல, நாலு ஸ்க்ரூவில் நிற்கிறவை. அந்த நாலு ஸ்க்ரூவுக்கு அடியில் இருக்கும் தகட்டில்தான் எண். தகட்டை மாற்ற எனக்கு இரண்டு நிமிடம் போதும், உங்களுக்கு ஐந்து நிமிடம் ஆகலாம். அந்தக் காலத்துத் தகடு தனியாகவும் விற்பனைக்கு வருகிறது. போதாததற்கு, கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்டன் தொழிற்சாலையில் எண் அடித்த தகடுகளைப் பெட்டியில் கொட்டி வைத்து, கைக்கு வந்ததை எடுத்துப் பூட்டினார்கள். வரிசை எல்லாம் பார்க்கவில்லை. பிங்க் ஃபிளாய்டு குழுவின் டேவிட் கில்மோர் வைத்திருந்த வெள்ளை ஸ்ட்ராட்டோகாஸ்டரின் தகட்டில் 0001 என்று இருக்கிறது. 2019 ஜூனில் நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 18 லட்சத்து 15 ஆயிரம் டாலருக்குப் போனது. உலகத்தின் முதல் ஸ்ட்ராட் அதுவா என்றால், இல்லை. அதற்கு முன்பே செய்தவை இருக்கின்றன.

அதனால் எண்ணைப் பார்த்து ஆண்டு சொல்லும் இணையப் பக்கங்களை ரேஷன் கார்டு முகவரி மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் அங்கே இருந்தார்கள் என்று தெரியும், இப்போது யார் குடியிருக்கிறார்கள் என்று தெரியாது.

அடுத்து அந்த முத்திரை. மே 2ஆம் தேதி என்று படித்திருக்கிறீர்கள். சிரிக்கவில்லை, நானும் முதல் தடவை அப்படித்தான் படித்தேன். முன்னால் இருக்கும் 2 தேதி அல்ல, ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கு அப்போது ஃபெண்டர் வைத்திருந்த மாடல் எண். நடுவில் மாதமும் வருடமும். கடைசியில் இருக்கும் 'பி', நெக்கின் மேல்முனை எவ்வளவு அகலம் என்பதற்கான எழுத்து. பி என்றால் சுமார் 41 மில்லிமீட்டர், சாதாரண அளவு. ஏ என்றால் ஒல்லி, சி, டி என்றால் அகலம். 1962 தொடக்கம் வரை பென்சிலில் எழுதினார்கள், அப்புறம்தான் இந்த ரப்பர் முத்திரை. இதுவும் நெக் தயாரான மாதத்தைத்தான் சொல்கிறது. அந்த நெக் அலமாரியில் சில மாதம் தூங்கிவிட்டுக்கூட ஒரு பாடியோடு சேர்ந்திருக்கலாம்.

ரப்பர் முத்திரையை யாரும் செய்துகொள்ளலாம் என்பது உண்மை. அதனால் எழுத்தை விட மையைப் பார்க்கவேண்டும். உங்கள் படத்தில் மை மரத்தின் நார் வழியாக லேசாகப் பரவி, ஓரங்கள் மங்கி நிற்கிறது. சுற்றியுள்ள மேப்பிள் மரமும் அதே அளவுக்குப் பழுத்திருக்கிறது. அறுபது வருட அழுக்கின் மேல் கூர்மையாக உட்கார்ந்த கறுப்பு எழுத்து என்றால் அப்போதே கடிதத்தை மூடியிருப்பேன்.

நெக்கில் மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது. விரல் வைக்கும் ரோஸ்வுட் பலகையை 1962 நடுப்பகுதி வரை தட்டையான கனத்த பலகையாக ஒட்டினார்கள். அதன் பிறகு மேப்பிளையே வளைவாக இழைத்து, அதன் மேல் மெல்லிய ரோஸ்வுட்டை வளைத்து ஒட்டினார்கள். அடிமுனைப் படத்தில் அந்த வளைவுக் கோடு தெரிகிறது. 1963க்கு அதுதான் முறை. பலகையில் பதித்த புள்ளிகள் முத்துப்போல மின்னாமல் களிமண் நிறத்தில் இருக்கின்றன. மின்னும் புள்ளி 1964 முடிவில்தான் வருகிறது. கம்பி முறுக்கும் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கில் பெயர் ஒட்டு, லாக்கர் என்ற மெருகுப் பூச்சுக்கு மேலே இருக்கிறது, சாய்ந்த வெளிச்சத்தில் அதன் விளிம்பு தெரிகிறது. பின்னால் வந்த பிரதிகளில் அதைப் பெரும்பாலும் லாக்கருக்கு அடியில் புதைத்துவிடுகிறார்கள்.

இவ்வளவு நுணுக்கம் ஏன் என்று ஒரு சந்தேகம் வரலாம். 1965 ஜனவரியில் லியோ ஃபெண்டர் தன் நிறுவனத்தை 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு சிபிஎஸ் என்ற ஒலி, ஒளிபரப்பு நிறுவனத்திடம் விற்றார். அதற்கு முந்திய கிட்டார் என்றால் ஒரு விலை, பிந்தியது என்றால் ஒரு விலை என்று சந்தை பிரிந்துபோனது. விலை ஏறிய இடத்தில் போலி வருவது எந்த ஊரிலும் நடப்பது. இதில் வேடிக்கை என்னவென்றால், போலிக்காரர்களுக்கு நல்ல பாடப்புத்தகம் எழுதிக் கொடுத்ததே ஃபெண்டர்தான். 1982இல் 1957, 1962 மாடல்களை அப்படியே திரும்பச் செய்து விற்கத் தொடங்கினார்கள். 1995இல் பெயிண்டை உரசி, உலோகத்தைத் துருப்பிடிக்க வைத்து, பிறக்கும்போதே கிழவனாக இருக்கும் கிட்டார்களைக் கொண்டுவந்தார்கள். அதன் தகட்டை மாற்றி, முத்திரையைச் சுரண்டி, புதிதாக ஒன்று குத்தினால் பாதி வேலை முடிந்தது.

சரி, உள்ளே போவோம். பிக்கார்டைத் திருப்பிய படத்தில் வால்யூம், டோன் பாட்களின் (சத்தத்தையும் தொனியையும் கூட்டிக் குறைக்கும் திருகிகளின்) பக்கவாட்டில் ஓர் எண் இருக்கிறது பாருங்கள்: 3046312. முதல் மூன்று இலக்கம் செய்த கம்பெனி. 304 என்றால் ஸ்டாக்போல். அடுத்த இரண்டு ஆண்டு, கடைசி இரண்டு வாரம். 1963ஆம் ஆண்டு 12ஆவது வாரம், அதாவது மார்ச். மே மாத நெக்குக்கு மார்ச் மாத பாட். பொருத்தம் பத்தும் சரி. பாட் தேதி நெக் தேதிக்குச் சில மாதம் முன்னால் இருந்தால் கவலைப்படவேண்டாம். பல வருடம் பின்னால் இருந்தால் யாரோ மாற்றியிருக்கிறார்கள்.

ஆனால் எண்ணை விட நான் அதிக நேரம் பார்த்தது ஒயர்களை ஒட்டிவைத்த ஈயப்பற்றை, சால்டரைத்தான். தொழிற்சாலைச் சால்டர் அறுபது வருடத்தில் ஈயப் பாத்திரத்தின் வெளிப்புறம் போல மங்கிச் சாம்பலாகிவிடும். ஓரத்தில் பிசின் காய்ந்து பழுப்பாக, சில இடத்தில் கண்ணாடிபோல வெடித்து நிற்கும். துணி சுற்றிய ஒயர் அந்தந்த வளைவிலேயே விறைத்துப்போயிருக்கும். ஓர் இணைப்பைக் கழற்றித் திரும்ப வைத்தால்கூட அந்த மங்கலுக்கு நடுவில் ஒரு பளபளப்பு வந்துவிடும், வழுக்கையில் ஒற்றை நரை தெரிவதுபோல. டிகாஷன் தடவி அந்தப் பளபளப்பை மறைக்கப் பார்ப்பவர்களும் உண்டு. ஈரப் பஞ்சால் ஒற்றினால் நிறம் பஞ்சுக்கு வந்துவிடும்.

இதில் நான் செய்த பாவம் ஒன்று இருக்கிறது. நாகர்கோவிலில் சர்ச் கிட்டார்களுக்கு ஃப்ரெட் தட்டித் தொழிலுக்கு வந்தவன் நான். அமெரிக்கா வந்த புதிதில் ஒருவர் 1960களின் ஃபெண்டர் ஜாஸ்மாஸ்டர் கிட்டார் ஒன்றைக் கொண்டுவந்தார். வால்யூம் திருப்பினால் கரகர என்று சத்தம். ஸ்ப்ரே அடித்துத் துடைத்திருந்தால் போயிருக்கும். நான் ஆர்வக்கோளாறில் பழைய சால்டரை எல்லாம் உறிஞ்சி எடுத்து, கண்ணாடிபோலப் புதிதாக வைத்து, ஒயரையும் மாற்றி, பெருமையாகக் கையில் கொடுத்தேன். நாலு வருடம் கழித்து அதை விற்கப்போனவர் என்னைத் தேடி வந்தார். கோபப்படவில்லை. வாங்கவந்தவர் எவ்வளவு குறைத்துக் கேட்டார் என்று மட்டும் சொன்னார். பழைய ஒயர் என் குப்பைத்தொட்டியில் போய் நாலு வருடம் ஆகியிருந்தது. அன்று முதல் கழற்றிய எந்தத் துண்டையும், ஒரு வாஷரைக்கூட, பையில் போட்டு உரிமையாளரிடமே கொடுத்துவிடுகிறேன். நீங்கள் இந்தக் கிட்டாரை வாங்கினாலும் உங்கள் ஊர் ரிப்பேர்காரரிடம் இதை முதலிலேயே சொல்லிவையுங்கள்.

உங்கள் படத்துக்கு வருகிறேன். பாட் இணைப்புகளில் பெரும்பாலானவை தொடப்படாதவை. இரண்டு இடத்தில் மட்டும் பளபளப்பு. இரண்டும் நடுப் பிக்கப்பின் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் துண்டின்) ஒயர் வந்து சேரும் இடம். இப்போது மூன்று பிக்கப்பின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். கழுத்துப் பக்கம் கறுப்பு, பிரிட்ஜ் பக்கம் கறுப்பு, நடுவில் இருப்பது சாம்பல். ஃபெண்டர் கறுப்பிலிருந்து சாம்பலுக்கு மாறியது 1964இல். 1963 கிட்டாரில் அது இருக்க வழியில்லை. ஒரிஜினல் எப்போதோ செத்துப்போய், பின்னால் வந்த பிக்கப் ஒன்றை வாங்கிப் போட்டிருக்கிறார்கள். பெரிய குற்றம் இல்லை, வாசிக்கிறவன் செய்கிற காரியம். ஆனால் 'முழு ஒரிஜினல்' என்ற வார்த்தை இங்கேயே போய்விட்டது.

பிக்கார்டைப் பற்றி ஒரு வார்த்தை. அது மூன்றடுக்கு செல்லுலாய்டு, பச்சை கலந்த வெள்ளையாகப் பழுத்திருக்கிறது. செல்லுலாய்டு செய்வதே கற்பூரம் சேர்த்துத்தான். நேரில் பார்க்கும்போது விரலால் நன்றாகத் தேய்த்து முகர்ந்து பாருங்கள், பூஜையறை வாடை லேசாக வரும். இப்போது செய்கிற பிரதிகளிலும் வருவதால் மூக்கை மட்டும் நம்பவேண்டாம். பழைய செல்லுலாய்டு சுருங்கும். சுருங்கும்போது ஸ்க்ரூக்களை இழுக்கும். உங்கள் படத்தில் பிக்கப் ஸ்க்ரூக்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கின்றன. அந்தச் சாய்வை அவசரத்தில் யாரும் செய்ய முடியாது.

இனி நிறம். பெரிய பணம் இங்கேதான் இருக்கிறது. அந்தக் காலத்தில் சன்பர்ஸ்ட்தான் சாதாரண நிறம். மற்ற நிறம் வேண்டும் என்றால் நூற்றுக்கு ஐந்து கூடுதல் விலை. நிறங்களும் கார் கம்பெனிகளுடையவை. ஃபியஸ்டா சிவப்பு, 1956ஆம் வருட ஃபோர்டு தண்டர்பேர்டு காரின் நிறம். அப்போது ஐந்து சதவீதம் கொடுக்க யோசித்தவர்கள் அதிகம் என்பதால் நிறமுள்ளவை குறைவு. இன்று அந்த ஐந்து சதவீதம் எங்கேயோ போய்விட்டது. சன்பர்ஸ்ட்டைச் சிவப்பாக்கினால் காசு என்று தெரிந்த பிறகு எத்தனை பேர் கையில் ஸ்ப்ரே எடுத்தார்கள் என்று கணக்கே இல்லை.

சிவப்புக்கு அடியில் மஞ்சள் தெரிவதற்கு விற்பவர் சொன்ன காரணம் பொய் இல்லை. சன்பர்ஸ்ட் அடித்து முடித்த பாடியின் மேல் வேறு நிறம் அடித்து ஃபெண்டரே அனுப்பியது உண்டு. தொழிற்சாலையில் எதையும் வீணாக்கமாட்டார்கள். தொல்லை என்னவென்றால், மறுபெயிண்ட் அடித்த ஒவ்வொரு கிட்டாருக்கும் இதே காரணத்தைத்தான் சொல்கிறார்கள். எனவே காரணத்தை விட்டுவிட்டு மரத்தைக் கேட்போம் என்று நினைத்தேன். அதற்குள் நீங்கள் இணைத்த கடைசிப் படம் வேலையை முடித்துவிட்டது.

அந்த 1966 கல்யாணப் படத்தைத் திரும்ப எடுத்துப் பாருங்கள், தம்பி. ஒரே கை என்பதற்கு ஆதாரமாக அவர்கள் அனுப்பியது. மனிதர் வெள்ளைக் கோட்டும் வில் டையுமாகச் சிரித்துக்கொண்டு நிற்கிறார். முகத்தைப் பார்க்காதீர்கள், பாடியின் விளிம்பைப் பாருங்கள். ஓரம் கறுப்பு. உள்ளே வர வர வெளுத்து, நடுவில் ஏறத்தாழ அவர் கோட்டு நிறம். கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒரே சிவப்பு அடித்த பாடி முழுக்க ஒரே சாம்பலாக விழும். இப்படிக் கரையிலிருந்து நடுவுக்கு இறங்குவது சன்பர்ஸ்ட் மட்டும்தான். அதாவது தொழிற்சாலையை விட்டு வந்து மூன்று வருடம் ஆன பிறகும் அது சிவப்பாக இல்லை.

அது வேறு கிட்டாராக இருந்தால்? நியாயமான கேள்வி, நானும் கேட்டுக்கொண்டேன். படத்தில் ஹெட்ஸ்டாக்கைப் பெரிதாக்குங்கள். தடித்த இ கம்பியின் ட்யூனிங் கீக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புத் தீற்று. அந்தக் காலத்து வாசிப்பாளர்கள் பற்றவைத்த சிகரெட்டைக் கம்பியின் நுனியில் குத்திவைத்துவிட்டு வாசிப்பார்கள், மறந்தால் மரம் தீய்ந்துவிடும். இப்போது ஒஹாயோவிலிருந்து வந்த கலர் படத்தில் அதே இடத்தைப் பாருங்கள். அதே தழும்பு, அதே சாய்வு, நுனியில் அதே பிளவு. நெக் ஒன்றுதான்.

இந்த மாதிரி அடையாளத்தைச் சாதாரணமாக எண்ணவேண்டாம். உங்கள் ஊரிலேயே நடந்த கதை ஒன்று உண்டு. கனடா ராக் இசைக்கலைஞர் ராண்டி பாக்மனின் 1957 கிரெட்ச் கிட்டார் எழுபதுகளில் டொராண்டோ ஹோட்டல் ஒன்றில் திருடு போனது. மனிதர் நாற்பது வருடத்துக்கும் மேல் தேடினார். 2020இல் கனடாக்காரர் ஒருவர் பழைய படத்தில் தெரிந்த மர ரேகையை இணையப் படங்களோடு ஒப்பிட்டு, அது ஜப்பானில் ஓர் இசைக்கலைஞரிடம் இருப்பதைக் கண்டுபிடித்தார். 2022 ஜூலை 1ஆம் தேதி டோக்கியோவில் பாக்மன் அதே மாதிரி இன்னொரு கிட்டாரைக் கொடுத்து இதை வாங்கிக்கொண்டார். மர ரேகை கைரேகை மாதிரி, இரண்டு பலகைக்கு ஒன்றாக அமையாது.

ஆக, என் ஊகம் இது. தகப்பனார் 1963 சன்பர்ஸ்ட் ஒன்றை வாங்கினார். கல்யாணங்களில் வாசித்துப் பெயிண்ட் உரிந்த பிறகு, எழுபதுகளில் இருக்கலாம், அவரோ யாரோ சிவப்பு அடித்தார்கள். பிள்ளைகள் நினைவு தெரிந்த நாளிலிருந்து பார்த்தது சிவப்புக் கிட்டார்தான். அப்பா கிட்டார் எப்போதும் சிவப்பு என்று அவர்கள் சத்தியம் செய்தால் அது அவர்களுக்கு உண்மை.

உறுதி செய்ய இன்னும் இரண்டு படம் கேட்டு வாங்குங்கள். ஒன்று, நெக்கைக் கழற்றிய பின் பாடியில் இருக்கும் குழி. 1962 கடைசியிலிருந்து அந்தக் குழிக்குள் ஒரு கட்டையை ஸ்க்ரூ போட்டு, அதைக் கைப்பிடியாகப் பிடித்துக்கொண்டுதான் பெயிண்ட் அடித்தார்கள். கட்டை மூடிய இடத்தில் பெயிண்ட் விழாது, ஒரு பட்டைபோல வெறுமையாக நிற்கும். குழி முழுக்கச் சிவப்பாக இருந்தாலோ, மணல்தாள் போட்டுச் சுத்தமாக இருந்தாலோ மறுபெயிண்ட்தான். இரண்டு, பிக்கார்டுக்கு அடியில் பாடியின் முகத்தில் சின்ன ஆணி ஓட்டைகள். பெயிண்ட் காயும்போது பாடி மேசையில் ஒட்டாமல் இருக்க ஆணி அடித்து அதன் மேல் நிறுத்திவைப்பார்கள், காய்ந்த பின் பிடுங்கிவிடுவார்கள். அதனால் ஒரிஜினல் பெயிண்டில் ஓட்டைக்குள் வெறும் மரம் தெரியவேண்டும். ஓட்டைக்குள் சிவப்பு இறங்கியிருந்தால் ஆணி பிடுங்கிய பிறகு அடித்த சிவப்பு. ஓட்டையே காணோம் என்றால் அடைத்துவிட்டு அடித்திருக்கிறார்கள்.

ஊதாக்கதிர் விளக்கு வாங்கட்டுமா என்று கேட்பீர்கள். அந்தக் காலத்து நைட்ரோ லாக்கர் பூச்சு அதில் பச்சை மஞ்சளாக ஒளிரும், நேற்றுத் தடவிய ஒட்டு இருட்டாக நிற்கும். நெக்கில் ஒட்டுப்போட்ட இடம் கண்டுபிடிக்க நல்ல கருவி. ஆனால் இங்கே அது உங்களைக் கைவிடும். ஐம்பது வருடத்துக்கு முன் அடித்த பெயிண்டும் இப்போது பழைய பெயிண்ட்தானே!

நெக்கை மறுபடி கழற்றச் சொல்லும்போது அவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லிக்கொடுங்கள். கம்பிகளை முழுக்கத் தளர்த்திவிட்டுத்தான் ஸ்க்ரூவில் கை வைக்கவேண்டும். திரும்பப் பூட்டும்போது ஸ்க்ரூவை முதலில் எதிர்ப்பக்கமாக மெதுவாகத் திருப்பவேண்டும். 'டக்' என்று ஒரு சின்ன இறக்கம் கைக்குத் தெரியும், பழைய மரை அங்கே இருக்கிறது. அங்கிருந்து முறுக்கினால் மரத்தில் புது மரை வெட்டாது. அறுபது வருட ஓட்டை, இன்னும் எத்தனை தடவை தாங்குமோ.

விலைக்கு வருவோம். மறுபெயிண்ட் என்றால் ஒரிஜினல் விலையில் ஏறத்தாழ பாதி என்பது வியாபாரிகள் நடுவில் புழங்கும் கணக்கு. அந்த 'ஒரிஜினல்' சிவப்புக் கிட்டார் அல்ல, சன்பர்ஸ்ட் கிட்டார் என்பதை மறக்கவேண்டாம். இது ஒருநாளும் ஃபியஸ்டா சிவப்பாகப் பிறக்கவில்லை. நடுப் பிக்கப்புக்கு இன்னும் கொஞ்சம் கழியுங்கள். நானாக இருந்தால் 22,000இல் பாதிக்கும் கீழே பேச்சைத் தொடங்கி, பாதிக்குக் கொஞ்சம் மேலே போனால் எழுந்துவிடுவேன். உங்கள் வாயால் சொல்ல முடியாவிட்டால் எழுத்தில் மதிப்பீடு கொடுப்பவர்களிடம் போங்கள். நாஷ்வில்லில் 1970 முதல் இருக்கும் குரூன் கிட்டார்ஸ் போன்ற இடங்களில் கட்டணம் வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுப்பார்கள். வாங்கும் கடையிலேயோ விற்கும் ஆளிடமோ மதிப்பீடு வாங்குவது மாப்பிள்ளை வீட்டாரிடமே மாப்பிள்ளையைப் பற்றி விசாரிப்பது மாதிரி.

பாதி விலைக் கிட்டார் என்றால் பாதிக் கிட்டார் என்று எண்ணிவிடாதீர்கள். ராக் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் 1970இல் நாஷ்வில்லில் பழைய ஸ்ட்ராட்கள் சிலவற்றை வாங்கி, மூன்றிலிருந்து நல்ல பாகங்களை எடுத்துச் சேர்த்ததுதான் 'பிளாக்கி'. 2004 ஏலத்தில் 9,59,500 டாலர். அது கிளாப்டன் கை பட்ட விலை, உங்களுக்கும் எனக்கும் கிடைக்காது. ஆனால் சேர்த்துக் கட்டிய கிட்டார் எப்படி வாசிக்கும் என்பதற்கு அவர் வாசித்ததே போதும். நீங்கள் வாரம் தவறாமல் கல்யாண மேடையில் நிற்கிறவர். தொடாத ஒரிஜினலை அங்கே கொண்டுபோனால் சாப்பாட்டுப் பந்தியில் பிள்ளைகள் ஓடும்போதெல்லாம் நெஞ்சு படபடக்கும். இது ஏற்கெனவே அடிபட்டது, நிம்மதியாக வாசிக்கலாம். நெக்கும் பாட்களும் இரண்டு பிக்கப்பும் 1963. சிவப்பைச் சுரண்டி சன்பர்ஸ்ட்டாக்கப் போகிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அடியில் பழைய பெயிண்ட் எவ்வளவு மிச்சம் என்று தெரியாமல் கைவைத்தால் இரண்டும் போகும்.

ஃபெண்டரின் போட்டிக் கம்பெனியான கிப்சன் பக்கம் போகும் வாசகர்களுக்கு இடையில் ஒரு வரி. அங்கே நெக் ஒட்டியிருக்கும், எண் ஹெட்ஸ்டாக்கின் பின்னால். அதனால் விளையாட்டு வேறு. ஐம்பதுகளின் தங்கநிற 'லெஸ் பால்' மாடல் கிட்டார்களைச் சுரண்டி 1959 சன்பர்ஸ்ட் என்று விற்கிறார்கள். அறுபதுகளின் கிப்சன் பிக்கப்பில் ஒட்டியிருக்கும் 2737842 என்ற காப்புரிமை எண் பிக்கப்புக்கு உரியதே அல்ல, லெஸ் பால் என்ற கலைஞர் காப்புரிமை பெற்ற கம்பி தாங்கிக்கு உரியது. தப்பான எண் இருப்பதுதான் அங்கே அசல் என்பதற்கு அடையாளம்!

கடைசியாக, நீங்கள் கேட்காத, ஆனால் உங்களை மாட்டிவிடக்கூடிய விஷயம். அந்த மெல்லிய ரோஸ்வுட் பலகை பிரேசில் ரோஸ்வுட், நம் ஊர் ஈட்டி மரத்துக்குப் பங்காளி. ஃபெண்டர் பின்னால் ஈட்டிக்கே மாறியது. பிரேசில் மரத்தை 1992இல் அழிவு ஆபத்திலுள்ளவற்றுக்கான சர்வதேச ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் சேர்த்தார்கள். யானைத் தந்தம் இருக்கும் பட்டியல் அது. விற்பனைக்கு எல்லை தாண்டுவதென்றால், ஒப்பந்தத்துக்கு முந்தியது என்ற சான்றிதழை அமெரிக்க மீன், வனவுயிர்த் துறையிடம் அனுப்புபவர் வாங்கவேண்டும். வாரக்கணக்கில் இழுக்கும். கனடா பக்கம் என்ன காகிதம் வேண்டும் என்பதை உங்கள் சுற்றுச்சூழல் துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காரில் போய் டிக்கியில் போட்டு வந்தால் யாருக்குத் தெரியும் என்று நண்பர்கள் சொல்வார்கள். பிடித்தால் பறிமுதல், அபராதம் தனி. காலத்துக்கு ஆதாரமாக அந்த மே 63 முத்திரைப் படமும் மதிப்பீட்டுக் கடிதமும் உதவும். எனவே பணம் கொடுக்குமுன்பே இந்த வேலையை யார் செய்வது, செலவு யாருடையது என்று பேசிவிடுங்கள்.

அந்தக் குடும்பத்திடம் கல்யாணப் படத்தைக் காட்டிப் பேசும்போது மெதுவாகச் சொல்லுங்கள். அவர்களுக்கு அது அப்பா படம். விளிம்பு ஏன் கறுப்பு என்று அவர்களையே கேளுங்கள், அம்மாவோ சித்தப்பாவோ உயிரோடு இருந்தால் பெயிண்ட் அடித்த கதையும் வெளியே வரும். வந்தால் அதை எழுதிக் கையெழுத்து வாங்கிப் பெட்டிக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் சொல்லும் விஷயம்: விலை பேசி முடித்த பிறகு சொல்லுங்கள், முதலில் கேட்ட 22,000ஐயும் சேர்த்து. எவ்வளவு குறைத்தீர்கள் என்ற பேச்சில் எவ்வளவு கொடுத்தீர்கள் என்பது கொஞ்சம் அடங்கிப்போகும். எனக்கு இரண்டு தடவை அடங்கியிருக்கிறது. மூன்றாம் தடவை அடங்கவில்லை.